சாமி அறைக் கொம்பியூட்டரும் நீ அனுப்பிய தண்ணீர்க் குழாயும்

கண்டி,
வெள்ளிக்கிழமை காலை.

மகன் யுகேஷுக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பா, தங்கச்சி நிரோஷினி, நான் மூன்று பேரும் சுகம். நீயும் மருமகளும் என் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன், கோபம் உன் மேல்தானே தவிர கும்பிடுவதில் குறை வைக்கவில்லை. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே சிக்னல் இல்லை என்று வெட்டிவிடுகிறாய், கடிதத்தை வெட்ட முடியாது. பக்கத்து வீட்டு பஹ்மி நானா மகளைப் பார்க்க டொரொண்டோ வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் இருக்கும்போதே பிரித்துப் படி.

நீ கேம் விளையாட வாங்கி வைத்துவிட்டுப் போன கொம்பியூட்டரில்தான் உன் தங்கச்சி வீட்டுப் பிளான் வரைந்து பிழைக்கிறாள். வரைந்த கட்டடத்துக்குள் நடந்து போய்ப் பார்க்கிற மாதிரி வீடியோவும் செய்து கொடுக்கிறாள். அது பாதி ஓடும்போதே சூடேறி அணைந்துவிடுகிறது, உள்ளே படம் ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டும் பழசு, இதை விற்றுவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கலாமா அண்ணா என்று அவள் உன்னிடம் எவ்வளவு பணிவாகக் கேட்டாள். நீ என்ன சொன்னாய்? அது என் கார்டு, யாரும் கை வைக்கக் கூடாது, சூடுதான் பிரச்சினை, வோட்டர் கூலிங் போட்டால் ஐஸ் மாதிரி ஓடும், சாமான் அனுப்புறேன், அதுவரைக்கும் பொறு என்றாய். கண்டிக் குளிரில் மார்கழி மாதம் நாங்கள் இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு படுக்கிறோம், இந்தப் பெட்டிக்கு மட்டும் தண்ணீர் ஓட்ட வேண்டுமாம். உன் சாமான் கப்பலில் ஆடி அசைந்து வந்து சுங்கத்தில் கிடந்து மாதக்கணக்காயிற்று. அதற்குள் ஹுன்னஸ்கிரியவில் சின்னதாக ஹோட்டல் கட்டுகிறவர் தன் கட்டட வீடியோவுக்கு இரண்டு தடவை நாள் தள்ளிக் கொடுத்துப் பார்த்துவிட்டுக் கொழும்பு ஆளிடம் போய்விட்டார். அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். உன்னிடம் சொன்னதற்கு, சின்ன வேலைதானே விடுங்க என்றாய். அடப்பாவி, அவள் தனியாகப் பிடித்த முதல் பெரிய வேலை அது.

கடைசியில் சாமானும் வந்தது. இரண்டு கறுப்புக் குழாய், காற்றாடி வைத்த ஒரு தகடு, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற மாதிரி. நீ வீடியோவில் உட்கார்ந்துகொண்டு அவளைக் கழற்றச் சொன்னாய். கழற்றுவது அவள், கத்துவது நீ. ஒரு ஸ்க்ரூ பிடிக்கத் தெரியாதா என்று நீ கத்தியது ரோட்டுக்குக் கேட்டது. பழைய கார்டின் காற்றாடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே தகடெல்லாம் கறுப்புப் பிசின். வெள்ளிக்கு வெள்ளி நான் போடுகிற சாம்பிராணிப் புகையை இத்தனை வருஷமாக இழுத்து இழுத்து அப்பி வைத்திருக்கிறது. உடனே உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவோட சாமி என் கார்டைத் தின்னுருச்சு, சாமியைத் தூக்கி ஹோல்ல வைங்க என்றாய். ஏனடா, அதைச் சாமி அறையில் வைத்தது யார்? நல்ல பிளக் அங்கேதான் இருக்கு, இன்டர்நெட் வயரும் அங்கேதான் வருது என்று குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டது நீ. வேண்டாமடா, அங்கே புகை போடுவேன் என்று பின்னாலேயே வந்து சொன்னேன். சாமிக்கும் கொஞ்சம் கேம் காட்டலாம் என்று பல்லைக் காட்டினாய். இப்போது பழி எனக்கும் என் சாமிக்குமா?

அவள் உட்கார்ந்து அந்தப் பிசினையெல்லாம் பிரஷ் போட்டுத் துடைத்து எடுத்தாள். சூடு இறங்கிவிட்டது, அணைவதும் நின்றுவிட்டது, உன் குழாய்க்கு அங்கே வேலையே இல்லை. ஆனால் பெரிய பிளானைப் போட்டால் மெமரி போதவில்லை என்று இன்னும் தள்ளிவிடுகிறது. குளிர வைத்தால் கார்டு பெரிசாகாது அண்ணா என்று அவள் முதல் நாளே சொன்னது இதைத்தான், அன்றைக்கு உன் காதில் ஏறவில்லை. அதற்குப் பிறகும் நீ, குழாயைப் போட்டே ஆகணும், டிசம்பரில் வந்தால் நான் விளையாடணும், அவ வேலைக்கு இந்தக் கார்டு போதும் என்றாய். நீ கனடா போன வருஷம் உன் பயணச் செலவுக்காக அவள் கம்பஸில் படிக்கும் ஆசையை விட்டுவிட்டு டவுனில் புடவைக் கடையில் நின்றாளே, அப்போதும் அவளுக்கு அது போதும் என்றுதான் சொன்னாய். என் மகளுக்கு எது போதும் என்று அளந்து கொடுக்க உன்னை யாரும் வைக்கவில்லை.

ஆகவே தண்ணீரா, புதுசா என்கிற வழக்கை நான் தீர்த்துவிட்டேன். மருமகள் வேலைக்குத் திரும்பப் போகிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நீங்க வரணும் அம்மா என்று டிக்கெட்டுக்குக் காசு அனுப்பியிருந்தாயே, அந்தக் காசில் அவளுக்குப் புதுக் கார்டும் அதற்கேற்ற பவர் பெட்டியும் வாங்கியாகிவிட்டது. அம்மாவுக்கு என்று அனுப்பினாய், அம்மா தன் இஷ்டத்துக்குச் செலவழித்தாள். அவள் வேண்டாம் வேண்டாம் என்று அழுதாள், நான்தான் கையைப் பிடித்து டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், அதனால் திட்டுவதென்றால் என்னைத் திட்டு. அப்பா வழக்கம்போல உன் பக்கம்தான். மேசையை உன் அறைக்கு மாற்றிவிட்டோம். உன் பழைய கார்டும் குழாயும் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன, உன் பொருளில் எங்களுக்கு ஆசையில்லை. பேராதனை எஞ்சினியர் ஒருவர் கொடுத்த வேலையை நேற்று முடித்துக் கொடுத்தாள், அடுத்ததையும் அவளிடமே தருகிறாராம்.

ஒன்றை மட்டும் விளங்கிக்கொள். உன் பிள்ளையை நான் இன்னும் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. அவன் போனில் சிரித்துவிட்டுப் போன பிறகு அந்தக் கண்ணாடியைத் தடவிப் பார்க்கிறவள் நான். உன்னைப் பழிவாங்குகிறேன் என்று நினைக்காதே, அங்கே வர முடியாமல் போனதில் எனக்குத்தான் நஷ்டம், தெரிந்துதான் செய்தேன்.

அவனுக்குச் சளி என்றாயே, இரவில் நெஞ்சுக்குத் தைலம் தடவிவிடு, தலைக்குத் தொப்பி போடாமல் வெளியே தூக்காதே. நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். டிசம்பரில் வருவதாக இருந்தால் என் பேரனோடு வா, விளையாட மட்டும் என்றால் வராதே.

கோபம் தீராத உன் அம்மா,
தி. பரிமளம்