பாவி கை வைத்த சுவர்

என் மனைவி டெர்வலுக்கு மெல்டூன் எழுதுவது. உன் முழங்கால் வலியும் சிவப்புப் பசுவின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் கட்டிய மடத்துக் கோயிலின் வடக்குச் சுவர் விழுந்துவிட்டது. எனக்குக் கால் கட்டைவிரல் நகம் மட்டும்தான் போயிற்று.

உறைபனியில் சுண்ணாம்பு பிடிக்காது, பொறுங்கள் என்று தலையில் அடித்துக்கொண்டேன். கடல் கடந்து வந்த புதுத் துறவிகள் கேட்கவில்லை. சுவர் விழுந்ததும் மடத்துத் தலைவர் என்னிடம் வந்தார்.

"பாவி கை வச்ச சுவர் நிக்காதுன்னு இந்த மடத்தைத் தொடங்கிவச்சுச் செத்துப்போன ஆயர் அப்பவே தீர்க்கதரிசனம் சொன்னாரு. ஒனக்கு எந்தச் சாமியார் கல்யாணம் பண்ணி வச்சார்?"

"சாமியார் எதுக்கு சாமி? ரெண்டு வீட்டாரும் பேசி முடிச்சாங்க. இருபத்திரண்டு வருசமாச்சு."

"அப்போ அவ பொண்டாட்டி இல்ல, வப்பாட்டி. பாவம்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்க. வேலை இருக்கும்."

"அவள உங்களுக்குத் தெரியாது சாமி. தெரிஞ்சா இப்படிப் பேசத் தைரியம் வராது."

சுண்ணாம்பு பூசும் கரணையை அவர் காலடியில் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வருகிறேன். நொண்டி நடப்பதால் பத்து நாளாகும். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி பின்னி வை. ஓட்ஸ் கஞ்சியைக் கட்டி கட்டியாகவே கிண்டு. அப்படிக் கெடுக்க இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

கடிதம் கொண்டுபோகிறவன் குதிரையில் ஏறிவிட்டான். இதை உனக்கு வாசித்துக் காட்டும் நம் ஊர்ச் சாமியார், முதல் வரியில் 'மனைவி' என்ற இடத்தில் இருமியிருப்பார். மறுபடி வாசிக்கச் சொல். சத்தமாக.

மெல்டூன்