நடுச்சுவர்

நவம்பர் 12, புதன். ஹாம்பர்க்.

இன்று வேண்டுமென்றே சாளைக் கருவாடு வறுத்தேன். ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.

பக்கத்து வீட்டுக் கிழவருக்கு அந்த வாடை ஆகாது. கருவாடு சட்டியில் விழுந்ததும் நடுச்சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார். இரண்டு வருடமாக எங்களுக்குள் அது ஒன்றுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தட்டவில்லை. அவருடைய தபால் பெட்டி பிதுங்கி நிற்கிறது.

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் காலை எட்டு மணிக்குள் ஒரு கதவு திறக்காவிட்டால் நாலு பேர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்க்கும்படி நேற்றே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏளா, இங்கன சொல்லாமக் கொள்ளாம யாரும் யாரு கதவையும் தட்ட மாட்டாவ. எங்கயாவது ஊருக்குப் போயிருப்பாரு" என்றார்.

இன்று வாடை வீடெல்லாம் நிறைந்தபோது அவரும் சோற்றில் கைவைத்தபடி சுவரையே பார்த்தார்.

கடைசியில் நானே தட்டினேன், மூன்று தட்டு. பதில் இல்லை. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது.

"ஊருக்குப் போறவரு ரேடியோவப் பாட விட்டுட்டா போவாரு?"

என் வீட்டுக்காரர் கையைக் கழுவிவிட்டு வெளியே போனார். கிழவர் கதவை அவர் தட்டுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. இதை எழுத உட்கார்ந்த பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. போனவர் இன்னும் திரும்பி வரவில்லை.