மகிழினி போட்ட குழாயடிச் சண்டை

மகிழினி அப்பாவுக்கு,

துபாய் கிளம்பும் எபினேசர் அண்ணனிடம் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

நம் பெண் இன்று தண்ணீர் லாரி வந்தபோது சண்டை போட்டாள்! சிவந்தி அக்கா வரிசையில் நம் குடத்தைப் பின்னால் தள்ளிவிட்டாள். மகிழினி, "எ... எங்க கொடம் மு... மு..." என்று திக்கினாள்.

"முன்னாடி கீதுன்றியா?" என்று அக்கா முடித்துவைத்தாள்.

"நா... நானே சொ... சொல்லிக்கிறேன்! நீ சு... சும்மா இரு!"

லாரிக்காரர் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவே காத்திருந்தது. கடைசி வார்த்தைவரை சொல்லிவிட்டுத்தான் குடத்தை முன்னால் வைத்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஞாயிற்றுக்கிழமை போனில் அவளே சொல்வாள். தெரியாததுபோல் கேள். பாசத்தில் நீயும் வார்த்தையை எடுத்துக்கொடுக்கிற ஆள்தான். கொடுத்தாயோ, சிவந்தி அக்கா வாங்கியதை நீயும் வாங்குவாய்.

இப்படிக்கு,
சண்டைக்காரியைப் பெற்றவள்