போனில் காட்டிய முகம்

மார்ச் 4
கையில் போட்ட கட்டைப் பிரித்துவிட்டார்கள். மணிக்கட்டு மடங்கவில்லை. கத்தரிக்கோல் துணியில் இரண்டு அங்குலம்கூடப் போகவில்லை. இதையே இடது கையால்தான் எழுதுகிறேன், கோழிக் கிறுக்கல். இருபது வருடத் தையல் தொழில்! பட்டப்பகலில் பையைப் பிடுங்கி என்னைத் தள்ளிவிட்டவனைச் சும்மா விடக்கூடாது.

மார்ச் 9
விசாரணை அதிகாரி வீட்டுக்கே வந்தார். தங்கமான தம்பி. ஆளைப் பிடித்துவிட்டார்களாம். போனில் படம் காட்டினார். "நல்லா பாத்து வெச்சுக்குங்கக்கா. நாளைக்கு அடையாளம் காட்டறப்ப தடுமாறாம இருக்கும்."

மார்ச் 10
சிறையில் பத்துப் பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மூன்றாவது ஆள். யோசிக்கவே இல்லை, கையை நீட்டிவிட்டேன்.

ஜூலை 17
நாளை சாட்சி சொல்ல வேண்டும். அதிகாரி போன் செய்தார். "அக்கா, போட்டோ பாத்தத மட்டும் சொல்லிடாதீங்க. கேஸே கெட்டுரும்." அப்படியானால் அது தப்பென்று அவருக்கு அன்றைக்கே தெரியும்!

"பாக்கலன்னு ஒரு வார்த்தை. அதுல என்ன குறைஞ்சு போகுது?" என்கிறார் இவர். கட்டிய புருஷனே.

கண்ணை மூடினால் ஒரு முகம் வருகிறது. தெருவில் பார்த்ததா, போனில் பார்த்ததா? தெரியலையே... நெசமா தெரியலையே.

ஜூலை 18
அவனுடைய வக்கீலம்மா ஒரு மணி நேரம் துருவினார். அடிபட்டது நானா, அவனா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில், "அடையாளம் காட்டறதுக்கு முன்னாடி யாராவது படம் காட்டினாங்களாம்மா?"

கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் என்னையே பார்த்தான்.

"காட்டினாங்க" என்றேன். அதிகாரி தரையைப் பார்த்தார்.

ஜூலை 30
விடுதலை. நான் காட்டிய அடையாளம் செல்லாது, வேறு சாட்சியும் இல்லை என்றார் நீதிபதி. சரியாகத்தான் சொன்னார், அதுதான் வயிற்றெரிச்சல். அவனுக்கு அதிகாரி இழைத்த தப்பில் எனக்கு வரவேண்டிய நியாயமும் சேர்ந்தே போனது. அக்கா, அக்கான்னு கூப்ட்டே கழுத்தறுத்துட்டானே, பாவி!

ஆகஸ்ட் 2
நான்கு முறை கூப்பிட்டேன். அந்தத் தங்கமான அதிகாரித் தம்பி போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 6
பஸ்ஸில் ஒருவன் என்னைக் கண்டதும் சட்டென்று எழுந்து பின்னால் போனான். நல்ல பிள்ளை என்று நினைத்து, "நல்லாயிருப்பா" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பஸ் நகரும்வரை பயந்த கண்களால் ஜன்னல் வழியே என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதுதான் தெரிந்தது, அவன்தான், கூண்டில் நின்றவன்.

அருகில் நின்றபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை.