காலியிடம் பூஜ்யம் அல்ல

மார்ச் 3
காலையிலேயே ஒரு பயனரின் வசவுக் கடிதம். "உங்க மொழிக்கு எதுக்கெடுத்தாலும் முறுக்கு. ஒரு கட்டத்தை நிரப்ப மறந்தா புரோகிராமே நின்னுடுது."
நிற்கத்தான் வேண்டும். பதினாறு வருடம் முன்பு நானும் மொட்டையும் (பெயர்தான் மொட்டை, தலை நிறைய முடி) இந்த நிரல்மொழியை உருவாக்கியபோது எழுதிய முதல் விதியே அதுதான்: தெரியாததை ஊகிக்காதே, நின்று கேள். காலியிடம் பூஜ்யம் அல்ல.

மார்ச் 9
காலியாக விட்டால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளலாமாம். முன்மொழிந்திருப்பவன் மொட்டையேதான்! போனில் கத்தினேன். "வெயிலை அளக்கலைன்னா பூஜ்யம் டிகிரியா?"
"ஆளெல்லாம் வேற மொழிக்கு ஓடுறாங்க. விதியைக் கட்டிக்கிட்டு நாம ரெண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கவா?"
அவன் சொல்வது பொய்யில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். மொழியின் மாற்றங்களை முடிவுசெய்யும் குழுவில் எங்களையும் சேர்த்து ஐந்து பேர். மறுப்பை நாளை எழுத வேண்டும்.

மார்ச் 10
அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார்.

மார்ச் 13
ஆஸ்பத்திரி. இடுப்பெலும்பு.

மார்ச் 19
அறுவை சிகிச்சை முடிந்தது. இன்றுதான் மடிக்கணினியைத் திறந்தேன். "ஒருமனதாக ஏற்கப்பட்டது."
நான் எங்கே வாக்களித்தேன்?
ஏழு நாளில் எழுத்தில் மறுப்பு வராவிட்டால் சம்மதம் - குழுவின் நடைமுறை. கூட்டங்கள் இழுத்துக்கொண்டே போகின்றன என்று எரிச்சல்பட்டு அதை எழுதியவள் நான்தான். சொந்தக் காசில் சூனியம். மொழிக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா? இத்தனை வருஷம் இது என் மண்டையில ஏறவே இல்லையே!

மார்ச் 20
மொட்டையைக் கூப்பிட்டேன்.
"நீ எழுத்துல ஒண்ணும் சொல்லலியே. மனசு மாறிட்டேன்னு நினைச்சேன்."
"ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"
"கேட்டா வேண்டாம்னு சொல்லிடுவியேன்னு பயந்தேன்."
வராந்தாவில் நின்று அழுதேன்.

ஏப்ரல் 2
மறுவாக்கெடுப்பு கேட்டேன். நான்குக்கு ஒன்று. இந்த முறை எண்ணித் தோற்கடித்தார்கள், அந்த மட்டில் சரி.

ஜூன் 14
புதிய பதிப்பு வெளியானது. ஒரே வாழ்த்துமழை. கையேட்டைத் திருத்தும் வேலை என் தலையில். முதல் விதியை அழித்துவிட்டு மற்றவற்றின் எண்களை மாற்றினேன். இரண்டு நிமிட வேலை.

ஆகஸ்ட் 27
அப்பாவுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். இன்றுதான் என்னை உள்ளே விட்டார்கள். முகம் வெளிறிக் கிடக்கிறார். வலி மாத்திரை ஏன் தரவில்லை என்று நர்ஸிடம் கேட்டேன். கணினித் தாளைக் காட்டினார். வலி அளவு: 0. மூன்று நாளும் 0.
"இந்த சாஃப்ட்வேர் எந்த மொழியில் எழுதினது?"
"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதும்மா. போன மாசம்தான் புதுசா மாத்தினாங்க."
கட்டிலருகே போனேன். "அப்பா, வலிக்குதா?"
"உயிர் போகுதும்மா. யாராவது கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."