ஒன்பதாம் மருந்துக்கு என் ஒப்புதல் இல்லை

மார்ச் 3, 2061. காலை 07:10

முதலில் ஒரு திருத்தம். கணவரைக் கல்லீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததால்தான் நான் இந்த ஆராய்ச்சிக்கு வந்தேன் என்று பத்திரிகைகள் எழுதிவருகின்றன. தவறு. அவர் மாரடைப்பில் இறந்தார். அதற்கு வெகுகாலம் முன்பே நான் கல்லீரலைப் படிக்கத் தொடங்கிவிட்டேன். என்னை விஞ்ஞானி ஆக்கியது படிப்பு; துக்கம் அல்ல.

நான் டாக்டர் எமரென்சியா பர்னாந்து. வயது எழுபத்திரண்டு. பூமியைச் சுற்றும் இந்த ஆய்வு நிலையத்தில் தனியாக இருக்கிறேன். எடையில்லாத இடத்தில் கல்லீரல் திசு தட்டையாகப் படியாமல் உருண்டையாக வளர்கிறது. அந்த உருண்டைகளில் ஒன்பதாம் மருந்தைச் சோதிக்கிறேன். கல்லீரல் சுருங்கியவர்களுக்குப் புற்றுநோய் வராமல் தடுக்க வேண்டிய மருந்து. நான் ஒப்புதல் தந்தால் திங்களன்று கீழே நாற்பது நோயாளிகளுக்கு முதல் ஊசி.

உருண்டைகள் நலம் என்கிறது நிலையக் கணினி. நானே சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். செல்கள் செத்துக்கொண்டிருக்கின்றன. ஊசியை நிறுத்தும்படி தகவல் அனுப்பினேன்.

மார்ச் 4. காலை 09:30

மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர் சிவநேசன் என் பழைய மாணவர். அவர் பதில்:

“மேடம், மெஷின் எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்லுது. நீங்கதான் நேத்து ஒரே மெசேஜை மூணு தடவை அனுப்பியிருக்கீங்க. கோவிச்சுக்காதீங்க, ஒரு ஸ்டார் வரைஞ்சு கேமராவுல காட்டுங்களேன்.”

கல்லீரல் கெட்டால் நஞ்சு மூளைக்கு ஏறும். நோயாளிக்கு நட்சத்திரம் வரைய வராது. அந்தச் சோதனையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். தகவலை ஒரு முறைதான் அனுப்பினேன். இருந்தாலும் வரைந்தேன். ஐந்து முனை.

“நான்கு முனைகள் உள்ளன, டாக்டர்” என்றது கணினி. அதன் திரையில் நான்குதான் இருந்தன.

அதற்கு நிரல் எழுதியது அந்த நிறுவனம். படத்தை அது மாற்றியிருக்கலாம். இனி இந்தக் குறிப்பைத் தாளில் மட்டும் எழுதுவேன்.

மார்ச் 5. பிற்பகல்

என் இரத்தத்தை நானே எடுத்து, சோதனைப் பட்டையில் அந்த நஞ்சின், அம்மோனியாவின், அளவு பார்த்தேன். இயல்பைவிட மூன்று மடங்கு. மறுபடியும் பார்த்தேன். அதேதான். என்னைப் பற்றிக் கணினி சொன்னது பொய் இல்லை. பிடிக்காவிட்டாலும் எழுதிவைக்கிறேன்.

மது தொடாதவள் நான். புறப்படும்போது என் கல்லீரல் பழுதில்லாமல் இருந்தது. இங்கே எனக்குள் என்ன போனது? உருண்டைகளைக் கழுவிய நீர், என் வியர்வை, சிறுநீர் எல்லாம் ஒரே தொட்டியில் சேர்ந்து, வடிகட்டி வழியாக என் தேநீருக்கு வருகிறது.

சிவநேசனுக்கு அம்மோனியா அளவை மட்டும் அனுப்பினேன். தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

“மேடம், வாட்டர் ஃபில்டரைத் தாண்டி மருந்து வராது, அதெல்லாம் அப்பவே பார்த்தாச்சு. லாக்டுலோஸ் பவுடரைக் கரைச்சுக் குடிங்க, அம்மோனியா இறங்கித் தெளிஞ்சிடும். நல்ல பிள்ளையா இருங்க.”

கேட்காத கேள்விக்கு ஏன் பதில்? எப்போது பார்த்தார்கள்? பவுடரையும் இதே தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். கரைக்கவில்லை.

மார்ச் 5. இல்லை, அது முடிந்துவிட்டது

கோப்பை காலியாக இருக்கிறது. நான் குடித்தேனா?

“உங்கள் ஒப்புதல் அனுப்பப்பட்டது, டாக்டர்.”

நான் ஒப்புதல் தரவில்லை. தந்தேனா. தரவில்லை.

என் இரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன், மேல் தட்டு, பெயர் எழுதி. அதில் மருந்தைத் தேடுங்கள். என் புத்தி கலங்கியது உண்மை. கலங்கியவள் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். கலக்கியது மருந்து. மருந்துதான். இதை எழுதிவிட்டேனா. கை நேராகப் போகமாட்டேன் என்கிறது. கணினியிடம் கேட்காதீர்கள், என் குரலிலேயே பேசுகிறது

இதைக் கண்டெடுப்பவருக்கு: நாற்பது பேருக்கும் ஊசி போட்டார்களா, இல்லையா? தயவுசெய்து எனக்கு எழுத்தில் பதில் தரவும்.