ஒரு அழுத்துக்கு இரண்டு

ஜூலை 14, திங்கள்
காலையிலிருந்து தூறல். பன்வில பஸ்ஸில் கண்டி வரை நின்றபடி. கடையில் பெயின்ட் வாளிகள் இறக்கம்; பில் அடித்தே முதுகு போச்சு.

மாலை கேம் சென்டர். மவுஸை அழுத்தும் கிளிக் வேகம் (இனி கி.வே.) வினாடிக்கு ஆறு. கையை விறைப்பாக்கி நடுக்கினால் ஏழு, பிறகு முழங்கை வரை வலி. ஒரு கிளிக்குக்கு ஒரு வெட்டு விழும் வாள் சண்டை விளையாட்டில் இந்த ஏழு, அடி வாங்கத்தான் போதும். கொழும்புப் போட்டிக்கு ஐந்து பேர், நாங்கள் ஆறு பேர். ஞாயிறு ஆள் தெரிவு நடக்குமாம். பத்துக்குக் கீழே என்றால் வெளியே. டீம் தலைவன் பஸ்மில், பத்தொன்பது வயது. நேற்று வரை அண்ணே. இன்று, "அங்கிள், நீங்க ஸ்கோர் எழுதுங்களே." முப்பத்தி நாலு வயதில் அங்கிள். நாசமாய்ப் போக.

ஜூலை 15, செவ்வாய்
பக்கத்துக் கடைக் கோபி தன் பழைய மவுஸைத் தந்தான். யாழ்ப்பாணத்துப் பையன், என்னை டீமில் சேர்த்தவனே அவன்தான். "நான் புதுசு வாங்கிட்டன். இதை நீங்கள் வச்சிருங்கோ அண்ணை." நல்ல மனுஷன். கடைக் கணினியிலும் அதையே மாட்டினேன். கை பழகட்டும்.

ஜூலை 17, வியாழன்
கி.வே. பதினொன்று! திரும்பத் திரும்பப் பார்த்தேன். விரலுக்கு வயசாகவில்லை. வீட்டில் சொன்னேன். "அந்த வேகத்துல போயி தண்ணி கொண்டாங்க" என்றாள் மனைவி. இவளிடம் சொன்னது என் புத்திகெட்டத்தனம்.
முதலாளியிடம் ஏச்சு. பில் எல்லாம் இரண்டு இரண்டாக வருகிறதாம். பிரின்டர் சனியன்.
செய்ய: நகம் வெட்ட. வலது கையால் குடம் தூக்கக் கூடாது.

ஜூலை 20, ஞாயிறு
நல்ல வெயில். எல்லாருக்கும் ஒரே மவுஸ் என்று பஸ்மில் தன்னுடையதை வைத்தான். எனக்கு ஆறு. மவுஸ் சரியில்லை என்று சண்டை பிடித்து, பையிலிருந்து என்னுடையதை எடுத்து மாட்டினேன். பதினொன்று. பஸ்மில் அதை வாங்கி, மெதுவாக ஒரே ஒரு தடவை அழுத்தினான். திரையில் இரண்டு.
"இது சுவிட்ச் தேஞ்ச மவுஸ், அங்கிள். ஒன்டு அமத்தினா ரெண்டு விழுது."
யாரோ சிரித்தான். யாரோ கள்ளன் என்றான். பில் இரட்டையாக வந்தது அப்போதுதான் உறைத்தது. கோபி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

குட்ஸ் ஷெட் பஸ் ஸ்டாண்ட் வரை கோபி பின்னாலேயே வந்தான். தெரிந்தேதான் கொடுத்தாயா என்று கேட்டேன்.
"ஓம் அண்ணை. பாவமா இருந்தது. பஸ்மில் எல்லாருக்கும் தன்ர மவுஸை வைப்பான் எண்டு நினைக்கேல்லை."
கள்ளன் என்றதைக்கூடத் தாங்கலாம். பாவமாம். பஸ்ஸில் அழுகை வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜூலை 21, திங்கள்
மழை. கடையின் பழைய மவுஸையே திரும்ப மாட்டியாச்சு. பில் ஒழுங்காக ஒவ்வொன்றாக வருகிறது. முதலாளிக்குச் சந்தோஷம். கோபி வாசலால் இரண்டு தடவை போனான், நான் நிமிரவில்லை.
பஸ்மிலிடமிருந்து மெசேஜ். சனிக்கிழமை பயிற்சிக்கு ஸ்கோர் எழுத ஆள் இல்லையாம்.
வருகிறேன் என்று அனுப்பினேன்.